சக்கை யாருக்குச் சொந்தம்?

மூணு வருஷத்துக்கு முன்னாடி, மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்த நேரம். எங்க பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றிலிருந்து ஆள் வந்தார். "தோலும் கொட்டையும் மலையா கிடக்குதுண்ணா. உங்க வயல்ல கொட்டிக்கிறோம், காசு ஒண்ணும் வேணாம்" என்றார். இயற்கை விவசாயம் செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சரி என்று தலையாட்டிவிட்டேன். பதினோரு டிராக்டர் லோடு இறங்கியது.

நாலாம் நாள் புளிச்ச வாடை ஊர் வரைக்கும் போனது. ஈ மொய்ப்பதைச் சொல்லி மாளாது. குவியலிலிருந்து வழிந்த புளித்தண்ணீர் பக்கத்து வயலுக்குள் இறங்கி, மாமாவோட தக்காளி நாத்து ரெண்டு பாத்தி கருகிப்போச்சு. அவர் வரப்பில் நின்று கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. நாத்துக்குக் காசு கொடுத்து, வைக்கோலும் சாணமும் வாங்கிப் போட்டு, மூணு தடவை புரட்டி, எட்டு மாசம் கழித்துத்தான் அது மட்காச்சு. மட்கு நல்ல மட்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் செலவைக் கூட்டிப் பார்த்தால் அது 'இலவசம்' இல்லை. ஆலைக்காரர் தன் குப்பை அள்ளும் செலவை என் தலையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் கதை மாறியது. மாங்கொட்டைப் பருப்பிலிருந்து கொழுப்பு எடுப்பவர்கள் விலை கேட்டு வந்துவிட்டார்கள். "கொட்டையைப் பிரிச்சு எங்களுக்குக் கொடுத்துடுங்க, தோலை நீங்க வெச்சுக்கோங்க" என்றது ஆலை. பிரிக்கிற கூலி? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் நாலு பெண்களைக் கூலிக்கு வைத்தேன். மூணாவது நாளே அவங்க விரல் நுனி தோல் உரிஞ்சு போச்சு. "கை எரியுதுண்ணா, நாளைக்கு வரல" என்று ஒருத்தர் சொன்ன பிறகுதான் கையுறை வாங்கிக் கொடுக்கணும் என்பது எனக்கு உறைத்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

போன வருஷம் எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு தம்பி 'சுழற்சிப் பொருளாதாரம்' பற்றிப் பேசினார். கழிவு என்று ஒன்று இல்லை, ஒருவன் கழிவு இன்னொருவனுக்கு மூலப்பொருள், ஐரோப்பாவில் ஒயின் ஆலைகள் திராட்சையில் ஒரு துளி கூட வீணாக்குவதில்லை என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார். கேட்க நன்றாக இருந்தது. ஆனா அந்தப் படத்தில் வட்டமாகச் சுற்றும் அம்புக்குறிகள்தான் இருந்தன, ஆட்கள் யாரும் இல்லை. அந்த அம்புக்குறிக்குள்ளே யார் குனிந்து நிற்கிறார்கள் என்று தேடினேன். கிடைத்ததை இந்த இதழுக்குப் பாடமாக எழுதுகிறேன். ஒயின் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. நான் பேசப்போவது சக்கையைப் பற்றி.

முதலில் கணக்கு. 100 கிலோ திராட்சையைப் பிழிந்தால் ஏறக்குறைய 70 முதல் 75 லிட்டர் ஒயின் கிடைக்கும். 20 முதல் 25 கிலோ வரை தோல், விதை, காம்பு என்று சக்கையாக மிஞ்சும். தொட்டி அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கும். பீப்பாய்ச் சுவரில் உப்புப்படிகம் போல ஒன்று ஒட்டும். இவை போக, கவாத்து செய்த குச்சி, தொட்டி கழுவிய தண்ணீர், காலி பாட்டில். எல்லாவற்றுக்கும் வேலை உண்டு. சக்கையைக் காய்ச்சி வடித்தால் சாராயம். இத்தாலியில் அதுக்குக் கிராப்பா என்று பெயர். விதையைப் பிழிந்தால் எண்ணெய். தோலிலிருந்து உணவுக்குப் போடும் சிவப்புச் சாயம். வண்டலிலிருந்தும் பீப்பாய்ப் படிகத்திலிருந்தும் டார்டாரிக் அமிலம். கேக் செய்யப் போடும் பேக்கிங் பவுடரில் சேருவது இந்த வகைதான். கடைசியில் மிஞ்சுவது மட்கு.

இது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை. ரோமில் கேட்டோ என்று ஒருவர், 2100 வருஷத்துக்கு மேலே இருக்கும், பண்ணை நடத்துவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பிழிந்த திராட்சைச் சக்கையை மிதித்து அடைத்து வைத்துக் குளிர்காலத்தில் உழவு மாட்டுக்குப் போடு என்கிறார். இன்றைக்கு நாம் ஊறுகாய்ப்புல் போடுகிற அதே வேலை. அதே சக்கையில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்தால் மெல்லிய ஒரு பானம் வரும்; அதன் பெயர் லோரா. அறுவடை முடிந்து மூணு மாசம் அடிமைகளுக்கு அதைக் கொடு என்று எழுதுகிறார். மாட்டுக்குச் சக்கை, அடிமைக்குச் சக்கைத் தண்ணீர், நல்ல ஒயின் சந்தைக்கு. ஒரு சொட்டு வீணாகவில்லை. இன்றைய அளவுகோலில் பார்த்தால் கேட்டோவுக்கு முதல் பரிசு கொடுக்கலாம்.

இந்தச் சக்கைத் தண்ணீரைப் பிரான்சில் பிக்கெத் என்றார்கள். நூற்றாண்டுக் கணக்காகக் கூலியாட்களும் ஏழைக் குடியானவர்களும் குடித்தது அது. இப்போது அமெரிக்காவில் சிறிய ஒயின்காரர்கள் சிலர் அதே பிக்கெத்தை அழகான லேபிள் ஒட்டி, 'வீணாக்காத பானம்' என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். கேழ்வரகுக் களி நட்சத்திர ஓட்டலுக்குப் போன கதைதான்.

வீணாக்காமல் இருப்பது கொடுமையாகவும் முடியலாம் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். கேப் பகுதியில் வெள்ளைக்காரர்கள் திராட்சைத் தோட்டம் போட்ட காலம் தொட்டு 'டாப்' என்று ஒரு வழக்கம். கூலியில் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுக்காமல் மட்டமான ஒயினாகக் கொடுப்பது. காலையில் ஒரு குவளை, நடுவேளையில், சாயங்காலம் என்று ஒரே நாளில் பல முறை. விற்காத சரக்குக்குத் தோட்டத்துக்குள்ளேயே ஆள் கிடைத்தது, கூலிச் செலவும் மிச்சம். குடிக்குப் பழகியவன் வேறு தோட்டத்துக்கும் போக மாட்டான். முதலாளிக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதுவும் ஒரு மூடிய வட்டம்தான்.

1960-களில் சட்டப்படி தடுத்தார்கள். அதற்கு அப்புறமும் பல பண்ணைகளில் அது சத்தமில்லாமல் தொடர்ந்தது. தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்த மேற்குக் கேப் ஒயின் வட்டாரமும் ஒன்று. வளர்ச்சி குன்றி, படிப்பு ஏறாமல் நிற்கும் குழந்தைகள். நிறவெறி ஆட்சி போனது 1994-இல். டாப் விட்டுப்போன கேடு இன்னும் அந்தக் குடும்பங்களில் இருக்கிறது. எந்தக் கழிவுக் கணக்கிலும் இது ஏறாது. சக்கை, வண்டல், தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றுக்கும் அளவு போடுகிறவர்கள் இதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

எல்லாம் இப்படியே என்று சொல்ல வரவில்லை. பிரான்சின் ஏற்பாட்டில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சக்கையை மறுபடி மறுபடி அழுத்தி மட்டமான ஒயின் எடுத்துச் சந்தையைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக, சக்கையையும் வண்டலையும் வடிசாலைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். அந்த வடிசாலைகளில் பல, கூட்டுறவு வடிசாலைகள். திராட்சை விவசாயிகளும் அவர்களுடைய கூட்டுறவு ஒயின் ஆலைகளும்தான் உறுப்பினர்கள். லாரி வந்து சக்கையை எடுத்துப் போகும். எடுத்துப் போகவும் காய்ச்சவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகை உண்டு. சாராயம் எரிபொருளுக்கும் தொழிற்சாலைக்கும் போகும், விதை எண்ணெய்க்குப் போகும், மிஞ்சியது மட்காகித் தோட்டத்துக்கே திரும்பும். தனி ஒரு விவசாயி பத்து டன் சக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆயிரம் பேருடைய சக்கை ஒரே இடத்தில் சேர்ந்தால் அது ஒரு தொழில்.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 2014-க்குப் பிறகு, வடிசாலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தி, மட்கு போடலாம், எரிவாயு எடுக்கலாம் என்று வழி விட்டார்கள். தன் மண்ணுக்குத் தன் சக்கை என்று நினைக்கும் இயற்கை விவசாயிக்கு இது நல்ல செய்தி. வடிசாலைக்கோ சக்கை வரத்து குறைந்தால் கொதிகலனும் ஆள்கூலியும் கட்டுப்படியாகாது, அதில் வேலை பார்ப்பது பக்கத்து ஊர்க்காரர்கள். தோட்டத்துக்கும் வடிசாலைக்கும் நடுவே பகை இல்லாமல் எவ்வளவு எங்கே போவது என்று முடிவு செய்ய ஒரு கூட்டுறவு வேண்டும். அது இல்லாத இடத்தில் வலுத்தவன் கை ஓங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜியா. கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள சின்ன நாடு. அங்கே மரபு முறையில் ஒயினைப் பீப்பாயில் வைப்பதில்லை. ஆள் உயர மண் தாழியைத் தரையில் கழுத்து வரை புதைத்து, பிழிந்த சாற்றைத் தோல், விதையோடு அதில் ஊற்றி மூடிவிடுவார்கள். தாழிக்குப் பெயர் குவெவ்ரி. உள்சுவரில் தேன்மெழுகு பூசுவார்கள். 2013-இல் யுனெஸ்கோ இந்த முறையை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஒயினை எடுத்த பிறகு அடியில் தங்கும் சக்கைக்குச் சாச்சா என்று பெயர். அதைக் காய்ச்சி எடுக்கும் சாராயத்துக்கும் அதே பெயர். கவாத்துக் குச்சியை எறிய மாட்டார்கள். காயவைத்துக் கட்டி வைத்து, அந்தத் தணலில்தான் இறைச்சி சுடுவார்கள், மண் அடுப்பில் ரொட்டி சுடவும் அதுதான். சாற்றைக் காய்ச்சி மாவு கலந்து, நூலில் கோத்த வால்நட் பருப்பை அதில் முக்கித் தொங்கவிட்டால் சுர்ச்கேலா என்ற மிட்டாய். நம்ம ஊர் பதநீர்க் கருப்பட்டிப் பக்குவம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, சுழற்சி வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் முடிகிறது. அறுவடைக்கு உறவும் அக்கம்பக்கமும் வந்து நிற்கும், பங்கு வாங்கிப் போகும். சோவியத் காலத்தில் திராட்சையை அரசு ஆலைகள் மொத்தமாக வாங்கியபோதும் பல வீடுகளில் தாழி மட்டும் மண்ணுக்குள் இருந்தது. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டபோது ஒரே சந்தையை நம்பியிருந்த ஆலைகள் தள்ளாடின. புதுச் சந்தை தேடியபோது உலகம் விரும்பி வந்தது அந்தப் பழைய தாழி ஒயினைத்தான். சின்ன விவசாயிகள் பலர் சொந்த லேபிளோடு வெளியே வந்தார்கள்.

பாட்டிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒயின் ஏற்படுத்தும் சுற்றுச்சூழல் சுமையில் பல கணக்குகளில் முதலிடம் பாட்டிலுக்குத்தான், ஏனென்றால் கண்ணாடி உருக 1500 டிகிரி சூடு வேண்டும். உடைத்து உருக்குவதைவிடக் கழுவி மறுபடி நிரப்புவது மேல். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கூட்டுறவு ஒயின்காரர்கள் ஒரு லிட்டர் பாட்டிலை நெடுங்காலமாகத் திரும்ப வாங்கிக் கழுவிப் பயன்படுத்துகிறார்கள். எல்லோருக்கும் ஒரே அச்சுப் பாட்டில், அதனால் யாருடையதை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். கழுவும் வேலை உள்ளூரிலேயே தங்குகிறது.

நம் மாநிலத்துக்கும் இதில் பாடம் உண்டு. காட்டில் உடைந்து கிடக்கும் மதுப் பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு வந்து, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. வயலில் பாட்டில் சில்லு ஏறி ஆறு தையல் போட்டவன் என்ற முறையில் நான் இதை முழு மனசோட ஆதரிக்கிறேன். ஆனால் திட்டம் மற்ற ஊர்களுக்கு விரிந்தபோது கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். நாறும் பாட்டிலை எண்ணி வாங்கி அடுக்க இடம் எங்கே, ஆள் எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. என் வயலில் கொட்டை பொறுக்கிய பெண்கள் கேட்டதும் அதுவேதான்.

ஷாம்பெய்ன் வட்டாரத்தைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுசாகாது. பிரான்சின் விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்று வருவது அங்கே. 2010-இலேயே பாட்டில் எடையை 900 கிராமிலிருந்து 835 கிராமாகக் குறைத்தவர்கள். சக்கையும் வண்டலும் முறையாகத் திரும்பப் பயன்படுகிறது. திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் செப்டம்பரில் பல்லாயிரம் கூலியாட்கள் வெளியிலிருந்து வருவார்கள். 2023 அறுவடையின்போது கடும் வெயிலில் பறிப்பாளர்கள் சிலர் இறந்தார்கள். அதே அறுவடையில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்களைப் பாழடைந்த கட்டடத்தில், குடிக்கவும் கழிக்கவும் வசதி இல்லாமல் அடைத்து வைத்து வேலை வாங்கியிருந்தார்கள். மனிதக் கடத்தல் என்று வழக்கு நடந்து, 2025 ஜூலையில் மூவருக்குத் தண்டனை கிடைத்தது. பாட்டிலில் 65 கிராம் மிச்சம் பிடித்த வட்டாரத்தில், ஆள் படுக்கிற இடத்தைப் பார்க்க ஒருவரும் போகவில்லை.

இனி நம் கணக்கு. நெல்லை மில்லுக்குக் கொண்டுபோனால் அரிசியோடு தவிடும் வீடு திரும்பிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். செக்கில் ஆட்டினால் புண்ணாக்கு நம்முடையது. இப்போது தவிடு எண்ணெய்க்குப் போகிறது, நாம் மாட்டுக்குத் தவிட்டை விலை கொடுத்து வாங்குகிறோம். கரும்பில் இன்னும் வெளிப்படை. 100 டன் கரும்பில் ஏறக்குறைய 30 டன் சக்கை. அதை எரித்து ஆலை மின்சாரம் விற்கிறது. கழிவுப்பாகு சாராயமாகவும் எத்தனாலாகவும் ஆகிறது. ஆலையின் கூடுதல் லாபத்தில் விவசாயிக்குப் பங்கு தரும் 5-ஏ பிரிவு கட்டுப்பாட்டு ஆணையில் இருந்தது. 2009-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2012-இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையும் துணைப் பொருட்களும் சேர்ந்த வருமானத்தில் 70 சதம் விவசாயிக்கு என்று பரிந்துரைத்தது. சக்கைக்கு மதிப்பு இல்லாதவரை அது நம்முடையது, மதிப்பு வந்ததும் அது ஆலையுடையது. இதைப் படிக்கும்போது என் மாங்கொட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஆகவே 'உங்கள் கழிவை எங்கள் வயலுக்குக் கொடுங்கள்' என்று எந்த ஆலையிடம் போவதற்கு முன்பும் சில விஷயங்களைப் பேசிவிடுங்கள். வண்டி வாடகை யாருடையது? நாற்றமும் நீர்க்கசிவும் வந்தால் பொறுப்பு யார்? பிரிக்கிற கூலி எங்கிருந்து வரும், அந்த ஆட்களுக்குக் கையுறை, தண்ணீர், நிழல் உண்டா? நாளைக்கு அதுக்கு விலை வந்தால் நமக்கு என்ன? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவோம். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மட்கு போடும் பக்குவத்தையும் சொல்லிவிடுகிறேன். திராட்சைச் சக்கையும் மாந்தோலும் ஒரே குணம்: புளிப்பு, ஈரம். பச்சையாகச் செடி அடியில் போடக் கூடாது, வேர் வெந்துவிடும். முதலில் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல், சோளத்தட்டை, காய்ந்த சருகு ஏதாவது விரித்துவிடுங்கள். கசிவை அது குடித்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு சாண் சக்கை, மேலே சாணக்கரைசல், மறுபடி காய்ந்தது. அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் சாம்பல் தூவினால் புளிப்பு அடங்கும். குவியல் இடுப்பளவுக்கு மேல் போகவேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை புரட்டுங்கள். சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, கசிவு நம் வயலுக்குள்ளேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வயல் மாமாவை நினைத்துக்கொண்டு வெட்டுங்கள். விதை சீக்கிரம் மட்காது, திராட்சை விதையும் அப்படித்தான். சலித்து எடுத்து அடுத்த குவியலில் போட்டுவிடலாம். கம்பம் பள்ளத்தாக்கு நண்பர்கள் சிலர் கழித்த திராட்சையில் இப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துச் சக்கை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இலவசம் என்றாலும்.

இந்த வருஷம் நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்துதான் ஆலைக்குப் போனோம். ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். வண்டி வாடகை அவர்களுடையது என்று ஒத்துக்கொண்டார்கள். கொட்டை பிரிக்கும் நாலு பேருக்கும் கூலியும் கையுறையும் ஆலையே தரும் என்றும் எழுதி வாங்கியாச்சு. கொட்டை விலையில் கிலோவுக்கு இவ்வளவு என்று கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. போன வாரம் மறுபடி போய்க் கேட்டோம், முதலாளி வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். சீசனுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது. வைக்கோல் போர் ஒன்றை இப்பவே வாங்கிப் போட்டுவிட்டேன்.